ஏழு மணிக்கு எல்லாரும் சார்ஜ் போடுவோம்!

மின்சார வண்டிக்குக் கொடியசைப்பதில் நம்மை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையில் 120 மின்சாரப் பேருந்துகளுக்குக் கொடியசைத்தோம். ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாம் கம்பெனியின் கார் ஆலைக்கு ரிப்பன் வெட்டினோம். போச்சம்பள்ளியில் ஸ்கூட்டர், ஓசூரில் ஸ்கூட்டர். 2023-ல் வந்த மின்வாகனக் கொள்கையில் 50,000 கோடி முதலீடு, ஒன்றரை லட்சம் வேலை என்று இலக்கு வைத்து, சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், நெல்லை ஆகிய ஆறு ஊர்களுக்கு ‘மின்வாகன நகரம்’ என்று பட்டமும் சூட்டினோம். எல்லாம் சரி. இத்தனை வண்டிகளும் ராத்திரி வீடு திரும்பி, எந்தத் தெருவில், எந்த டிரான்ஸ்பார்மரில் வாய் வைக்கப்போகின்றன என்று மட்டும் ஒரு மேடையிலும் யாரும் பேசவில்லை. பேசவும் மாட்டார்கள். டிரான்ஸ்பார்மருக்குக் கொடியசைக்க முடியாது, அது நகராது. ரிப்பன் வெட்டப் போனால் ஷாக் அடிக்கும்.

ஆகவே அந்தப் பாவப்பட்ட பெட்டியின் சார்பில் நாமே நாலு வார்த்தை பேசுவோம்.

முதலில் பகல் பன்னிரண்டு மணி. கமுதியில் 648 மெகாவாட் சூரியப் பூங்கா கொதித்துக்கொண்டிருக்கிறது. விருதுநகர், தூத்துக்குடி, நெல்லைச் சீமையின் கரிசல் காடெல்லாம் தகடு. வெயில் என்பது டெல்லியிடம் கையேந்தாமல் தமிழ்நாட்டுக்குக் கிடைக்கிற ஒரே வரவு. ஆடி பிறந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றும் சேர்ந்துகொள்ளும். இவ்வளவு மின்சாரம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்போது நாம் என்ன செய்கிறோம்? கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் போட்டு, ‘உற்பத்தியைக் குறை’ என்கிறோம். 2017-ல் இப்படிச் சூரிய மின்சாரத்தை நிறுத்திவைத்த சங்கதி வழக்காகி, 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போனது. மின்தொகுப்பின் பாதுகாப்புக்காக நிறுத்தினோம் என்ற வாதம் எடுபடவில்லை. பணக் கணக்குப் பார்த்துத்தான் நிறுத்தியிருக்கிறீர்கள், நஷ்டஈடு கொடுங்கள் என்றது தீர்ப்பாயம். வெயிலையே வேண்டாம் என்று சொல்லி அதற்குத் தண்டம் கட்டச் சொல்லித் தீர்ப்பும் வாங்கிய ராஜ்யம் உலகத்தில் எத்தனை இருக்குமோ!

இப்போது மாலை ஏழு மணி. சூரியன் ஷிப்ட் முடித்துப் போயாயிற்று. வீட்டுக்கு வீடு விளக்கு, டி.வி., ஏ.சி., மோட்டார். அந்த நேரம் பார்த்து மின்வாரியம் மின்சாரச் சந்தையில் துண்டை விரித்து உட்காருகிறது. அங்கே ஒரு யூனிட்டுக்கு உச்சவரம்பு 10 ரூபாய். கோடைகாலத்தில் பல மாலைகளில் விலை அந்த வரம்பில் போய் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. மத்தியானம் வடித்த சோற்றைக் குப்பையில் கொட்டிவிட்டு, ராத்திரி கடன் சொல்லி ஓட்டலில் பார்சல் வாங்கும் குடும்பம் உருப்படுமா? இந்தக் குடும்பத்துக்கு மூன்று கோடிக்கும் மேல் மின் இணைப்புகள்.

அதே ஏழு மணிக்குத்தான் நம் மின்சார வண்டிகளும் வீடு வந்து சேர்கின்றன. ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்னால் பிளக்கைச் செருகிவிடுகிறோம். மாநிலமே மூச்சுத் திணறும் வேளையைத் தேடிப் பிடித்து அதன் கழுத்தில் இன்னொரு கையை வைக்கிறோம்.

இதில் வண்டிக்காரரைத் திட்டி என்ன பயன்? பகலில் அவர் வண்டி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தாம்பரத்திலோ ஆவடியிலோ ரயில் நிலைய வாகனக் காப்பகத்துக்குள் ஒருநாள் நுழைந்து பார்த்தால் போதும். காலை எட்டரைக்குள் வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும். ஹேண்டில்பாரில் டோக்கன் சீட்டைச் சொருகிவிட்டு, மின்சார ரயிலைப் பிடிக்க ஆட்கள் ஓடுவார்கள். அந்த வண்டிகள் மாலை ஏழு வரை பத்து மணி நேரம் சும்மா நிற்கும். தலைக்கு மேலே தகரக் கூரை, கூரைக்கு மேலே வெயில். அதில் பச்சை நம்பர் பிளேட் ஸ்கூட்டர் ஒன்றின் பேட்டரி ஏறத்தாழ மூன்று யூனிட் கொள்ளும். அதற்கு வேகச் சார்ஜரும் வேண்டாம், ஜெர்மன் தொழில்நுட்பமும் வேண்டாம். வீட்டில் மிக்ஸிக்குப் போடுகிற சாதாரண பிளக் பாயின்ட் இருந்தால் ஐந்து மணி நேரத்தில் நிரம்பிவிடும். காப்பகத்தில் டோக்கன் கொடுக்க ஆள் இருக்கிறார், காசு வாங்க ஆள் இருக்கிறார், ‘பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று போர்டு இருக்கிறது. பிளக் பாயின்ட் எங்கே?

கலெக்டர் ஆபீஸ் வாசலிலும் கல்லூரியிலும் ஆஸ்பத்திரியிலும் ஓ.எம்.ஆர். கண்ணாடி மாளிகைகளின் அடித்தளத்திலும் இதே கதைதான். கம்பெனிகளில் வேண்டுமானால் வருகிற வெளிநாட்டு விருந்தாளிக்குக் காட்ட, லிப்ட் பக்கத்தில் பச்சைப் பெயின்ட் அடித்த இரண்டு இடம் ஒதுக்கியிருப்பார்கள். அதில் எம்.டி.யின் டீசல் கார் நிற்கும்.

சரி, ராத்திரி போட்டால்தான் என்ன, மின்சார வண்டி எப்படியும் பெட்ரோலை விட மேல்தானே என்று கேட்கிறீர்கள். இந்த இடத்தில் இரண்டு பக்தர் கூட்டங்கள் மோதிக்கொள்வதைப் பார்க்கலாம். ஒன்று, ‘நான் பூமியைக் காப்பாற்றிவிட்டேன்’ என்று காரின் முன் நின்று படம் எடுத்துப் போடும் கூட்டம். இன்னொன்று, ‘எல்லாம் நிலக்கரி வண்டி, அமெரிக்கச் சதி’ என்று காலை ஐந்து மணிக்கே குடும்ப வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பும் பெரியப்பாக்கள் கூட்டம். இருவருக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு, கணக்குப் போட மாட்டார்கள். நாம் போடுவோம்.

அனல்மின் நிலையத்தில் நிலக்கரி தரும் வெப்பம் நூறு என்று வையுங்கள். அதில் மின்சாரமாக மாறுவது ஏறத்தாழ 35. மீதி குளிர்விப்பு நீரிலும் புகைபோக்கியிலும் போய்விடும். உயர் அழுத்தக் கம்பி, துணைமின் நிலையம், தெரு டிரான்ஸ்பார்மர் என்று உங்கள் வீட்டு மீட்டருக்கு வருவதற்குள் அதில் பத்து முதல் பதினைந்து சதவீதம் சூடாகக் கரைந்து, மிஞ்சுவது 30. சார்ஜர் தன் பங்குக்குப் பத்து முதல் பதினைந்து சதவீதம் எடுத்துக்கொள்ளும். பேட்டரி, மோட்டார், கியர் எல்லாம் தாண்டி சக்கரத்துக்குப் போய்ச் சேருவது 22 அல்லது 23. பெட்ரோல் வண்டியில்? டாங்கில் ஊற்றிய நூறில் சக்கரத்துக்குப் போவது 20, மிஞ்சினால் 25. ஆக, நிலக்கரி மின்சாரத்தில் ஓடும்வரை இரண்டும் ஏறத்தாழ ஒரே தராசில்தான் நிற்கின்றன. ஒரே வித்தியாசம், புகை உங்கள் தெருவை விட்டு, அனல்மின் நிலையம் இருக்கும் எண்ணூருக்குப் போகிறது. சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் இறங்குகிறது. அடையாற்றுக்காரரின் நுரையீரல் சுத்தமாக, எண்ணூர் மீனவர் வலையில் சாம்பல் சேறு. இதற்குப் பெயர் பசுமை என்றால் அந்தப் பசுமையின் விலையைக் கட்டுவது யார் என்று எண்ணூர்ப் பிள்ளைகளைக் கேளுங்கள்.

அதே வண்டியை நண்பகலில் சார்ஜில் போடுங்கள். வேண்டாம் என்று நிறுத்திவைக்கிற சூரிய மின்சாரம் நூறு யூனிட்டை எடுத்தால், எல்லாச் சேதாரமும் போக 65 யூனிட்டுக்கு மேல் சக்கரத்துக்கு வரும். நிலக்கரி ஒரு கிலோ எரியவில்லை. 10 ரூபாய் மின்சாரம் ஒரு யூனிட் வாங்கவில்லை. வண்டி அதேதான், பேட்டரியும் அதேதான். பச்சையா கறுப்பா என்பதை நம்பர் பிளேட் தீர்மானிப்பதில்லை, கடிகாரம் தீர்மானிக்கிறது. இந்த ஒரு வரியை எந்த விளம்பரத்திலாவது, எந்த அமைச்சர் உரையிலாவது கேட்டிருக்கிறீர்களா?

விளம்பரக்காரர்களுக்கு இன்னொரு மறதியும் உண்டு. ‘ஒரு சார்ஜுக்கு இத்தனை கிலோமீட்டர்’ என்பதெல்லாம் பேட்டரிக்குள் போன மின்சாரத்தின் கணக்கு. நீங்கள் காசு கட்டுவது மீட்டரில் ஓடிய மின்சாரத்துக்கு. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கறுப்புப் பெட்டியின் மேல் கை வைத்துப் பாருங்கள். சுடுகிறதல்லவா? அது உங்கள் காசு. கார் என்றால் இன்னும் வேடிக்கை. சார்ஜில் இருக்கும் நேரமெல்லாம் காருக்குள் இருக்கிற கம்ப்யூட்டர், பம்ப் எல்லாம் விழித்துக்கொண்டு 200, 300 வாட் தின்னும். 15 ஆம்பியர் பிளக்கில் மூன்று கிலோவாட் வேகத்தில் பொறுமையாக ஏற்றினால் அந்தத் தீனி ராத்திரி முழுக்க நடக்கும். அதற்காக ஏழு கிலோவாட் சார்ஜர் வைத்தால் அந்தச் சேதாரம் குறையும். ஆனால் ஏழு கிலோவாட் என்பது ஒன்றரை டன் ஏ.சி. ஐந்தை ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் ஓட்டுவதற்குச் சமம். வீட்டுக்காரருக்கு மிச்சம், தெருவுக்கு வேட்டு.

அந்தத் தெருவுக்குத்தான் இப்போது போகப்போகிறோம்.

இரண்டு கம்பத்துக்கு நடுவே, போஸ்டர் ஒட்டிய இடத்துக்கு மேலே, எண்ணெய் கசிந்து கறுத்துப்போய் நிற்கிறதே, அது 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர். அதை வைத்த காலத்தில் அந்தத் தெருவில் இருந்தது ட்யூப் லைட்டும் மின்விசிறியும். பிறகு ஐம்பது வீட்டிலும் ஏ.சி. வந்தது. டிரான்ஸ்பார்மர் மாறவில்லை, போஸ்டர் மட்டும் மாறியது. இப்போது பத்து வீட்டில் கார் சார்ஜர் வந்தால் அந்தப் பத்துக்கே 70 கிலோவாட். டிரான்ஸ்பார்மருக்கும் ஓய்வு வேண்டும். பகல் சூட்டை ராத்திரியில்தான் அது ஆற்றிக்கொள்ளும். உள்ளே செம்புச் சுருளைச் சுற்றியிருக்கிற காகிதக் காப்பு, அளவுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு ஆறு டிகிரி சூட்டுக்கும் பாதி ஆயுளை இழக்கும். கம்பியில் ஓடும் கரன்ட் இரண்டு மடங்கானால் சேதாரம் நாலு மடங்கு. இது பள்ளிக்கூடப் பாடம். ராத்திரி ஏ.சி.யும் ஓடி, ராத்திரியே வண்டியும் சார்ஜ் ஆனால் அந்தப் பெட்டி எப்போது ஆறும்?

ஒரு மே மாத ராத்திரி, மணி பத்தை நெருங்குகிறது. திடீரென்று தெருவில் ஒரு வரிசை வீடுகள் இருட்டு. ‘ஃபேஸ் போயிடுச்சு!’ என்று மாடியிலிருந்து ஒரு குரல். நம் வீடுகளில் ஃபேஸ் மாற்றுகிற குமிழ் ஒன்று இருக்குமே, எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடிப்போய் அதைத் திருகி அடுத்த ஃபேஸில் ஏறிக்கொள்கிறோம். ஏ.சி.யும் ஏறும், சார்ஜரும் ஏறும். ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த இரண்டாவது ஃபேஸ் கால் மணி நேரத்தில் டப்பென்று போகும். உடனே எல்லாரும் மூன்றாவதுக்கு. மலிவுச் சார்ஜர்கள் மின்சாரத்தைச் சீராக எடுப்பதில்லை, விட்டுவிட்டுக் கடித்து எடுக்கும். அந்தக் கடியெல்லாம் நியூட்ரல் கம்பியில் போய்ச் சேர்ந்து அதைச் சூடாக்கும். நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டில் 400 வோல்ட் வரை எகிறும். டி.வி., ஃபிரிட்ஜ், செட்டாப் பாக்ஸ், எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் காரியம்.

அப்போது போன் போகிறது, இ.பி. ஆபீஸுக்கு. ‘என்னய்யா வேலை செய்றீங்க?’ என்று ஐம்பது வீடும் சேர்ந்து உறுமும் அந்த போனை எடுப்பவர் ஒரே ஒரு மனிதர். பல்லாயிரம் பணியிடங்கள் காலியாகக் கிடக்கும் துறையில், மூன்று பேர் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர். அவர் ஒரு ஒப்பந்தத் தொழிலாளியைக் கூட்டிக்கொண்டு வருகிறார். ஒரு கையில் டார்ச், மறு கையில் ஃபியூஸ் கம்பிச் சுருள். சரியான கையுறை இருந்தால் அதிர்ஷ்டம். எந்த வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து, எந்தக் கடை ஜெனரேட்டரிலிருந்து கரன்ட் திரும்பி வரும் என்று தெரியாத கம்பத்தில் அவர் ஏறுகிறார். கீழே நாம் விசிறியை வீசிக்கொண்டு, ‘இன்னும் எவ்வளவு நேரம்?’ என்கிறோம். ஏறியவர் இறங்காமல் போன செய்திகள் மறுநாள் பேப்பரில் எட்டாம் பக்கத்தில் நாலு வரி. முதல் பக்கத்தில் புது மின்சார காருக்கு முழுப் பக்க விளம்பரம்.

இதெல்லாம் முன்கூட்டித் தெரியவே தெரியாதா? தெரியும். ஒவ்வொரு மின்வாகனமும் எந்த முகவரியில் இருக்கிறது என்று ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தெரியும், பதிவு செய்வதே அவர்கள்தான். ஒவ்வொரு முகவரியும் எந்த டிரான்ஸ்பார்மரில் தொங்குகிறது என்று இ.பி. ஆபீஸுக்குத் தெரியும். இரண்டும் அரசாங்கம், இரண்டிலும் கம்ப்யூட்டர். ஒரு ஆபீஸின் பட்டியலை இன்னொரு ஆபீஸின் பட்டியலோடு ஒட்டிப் பார்த்தால், எந்தத் தெரு டிரான்ஸ்பார்மர் அடுத்த கோடையில் வெடிக்கும் என்று மார்கழியிலேயே சொல்லிவிடலாம். ஆனால் ஒட்டிப் பார்ப்பதற்கு ஒரு கூட்டம் போட வேண்டும். கூட்டத்துக்கு ஒரு அரசாணை வேண்டும். அரசாணைக்கு ஒரு கோப்பு வேண்டும். டிரான்ஸ்பார்மர் அதற்குள் வெடித்துவிடும். அது அரசு ஊழியர் இல்லையே, காத்திருக்க!

அரசாங்கத்தை மட்டும் சொல்வானேன்? நம் அடுக்ககச் சங்கங்களின் ஜனநாயகத்தையும் பார்ப்போம். பேஸ்மென்டில் சார்ஜ் போட இடம் கேட்டு ஒருவர் மனுக் கொடுத்தால், பொதுக்குழுவில் நிறைவேறும் தீர்மானங்கள் இவை:

தீர்மானம் ஒன்று: மின்சார கார் தீப்பிடிக்கும் என்று செயலாளரின் மருமகன் அனுப்பிய வீடியோவை இக்கூட்டம் கவலையுடன் பதிவு செய்கிறது. அந்த வீடியோவில் எரிவது டீசல் லாரி என்பதை இக்கூட்டம் கண்டுகொள்ளவில்லை.

தீர்மானம் இரண்டு: பொது மீட்டரில் யாரும் சார்ஜ் போடக் கூடாது. பொது மீட்டரில் தலைவர் வீட்டுத் தோட்ட மோட்டார் ஓடுவது மரபு சார்ந்த விஷயம்.

தீர்மானம் மூன்று: தனி இணைப்பு பெறலாம், ஆனால் கேபிள் எங்கள் சுவர் வழியாக வரக் கூடாது, அவர்கள் சுவர் வழியாகவும் வரக் கூடாது.

தீர்மானம் நான்கு: தேநீர், சமோசா வழங்கியவருக்கு நன்றி.

மின்வாகனச் சார்ஜிங்குக்கு நுகர்வோர் தனி இணைப்புக் கேட்டுப் பெறலாம் என்று 2024 பிப்ரவரியில் மத்திய விதியே வந்துவிட்டது. புது இணைப்பைப் பெருநகரங்களில் மூன்று நாளில், மற்ற நகராட்சிப் பகுதிகளில் ஏழு நாளில், கிராமங்களில் பதினைந்து நாளில் தர வேண்டும் என்று அதே விதி கெடுவும் வைத்தது. சங்கத்தின் அனுமதிக் கடிதத்துக்குத்தான் எந்த விதியும் கெடு வைக்கவில்லை. கடைசியில் நடப்பது என்ன? இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இறங்குகிறது. நடுவே இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு. கீழே மழைத் தண்ணீரில் மிதக்கும் பிளக் பாக்ஸ். அதில் ஒன்றரை லட்சம் ரூபாய் ஸ்கூட்டர். பாதுகாப்பைக் காரணம் காட்டி அனுமதி மறுத்ததன் பலன் அது.

சொந்த வீட்டுக்காரர் பாடே இப்படியென்றால் வாடகைக்காரர் கதை? ‘வண்டிக்குச் சார்ஜ் போடுறதா இருந்தா யூனிட்டுக்குப் பத்து ரூபா’ என்கிறார் வீட்டு ஓனர். அரசு தரும் 100 யூனிட் இலவசமும் அவர் கணக்கில், அதற்கான காசும் அவர் பையில். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் பையன்கள் வாடகை மின் ஸ்கூட்டரில் ஊரைச் சுற்றுகிறார்களே, அவர்கள் ஆர்டர் குவியும் இரவு எட்டு மணிக்குச் சார்ஜ் தேடி அலைகிறார்கள். பகல் வெயில் முழுக்க அவர்கள் முதுகில்தான் அடித்தது. அதில் ஒரு யூனிட் அவர்கள் பேட்டரிக்கு வரவில்லை.

கட்டணத்துக்கு வருவோம், அதுதான் இந்த நாடகத்தில் விதூஷகன். வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. கார் மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் இரண்டு மாதத்தில் மீட்டரில் சுமார் 300 யூனிட் ஏறும். அது உங்களை 500-ஐத் தாண்டித் தள்ளினால், 501-வது யூனிட்டில் கீழ்ப்படிகளின் சலுகையும் சேர்ந்து பறிபோய், அந்த ஒரே யூனிட் 200 ரூபாய்க்கு மேல் விலை பேசும். ஆனால் அந்த 300 யூனிட்டை வெயில் வீணாகும் நண்பகலில் எடுத்தீர்களா, மாநிலம் மூச்சுத் திணறும் மாலையில் எடுத்தீர்களா? வீட்டு பில்லுக்கு அந்தக் கவலையே இல்லை. நல்லவனுக்கும் அதே ரேட், கெட்டவனுக்கும் அதே ரேட். பகல் கட்டணம் பத்து முதல் இருபது சதவீதம் குறைவாகவும் உச்ச நேரக் கட்டணம் அதே அளவு கூடுதலாகவும் இருக்க வேண்டும், விவசாயம் தவிர எல்லாருக்கும் 2025 ஏப்ரல் 1-க்குள் வர வேண்டும் என்று மத்திய அரசு 2023-ல் விதி போட்டது. அதற்கு ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். தமிழ்நாட்டில் ஸ்மார்ட் மீட்டருக்கு டெண்டர் விட்டார்கள், 2024 டிசம்பரில் ரத்து செய்தார்கள். ரத்து செய்ததற்கு ஒரு காரணம், மறுபடி விடுவதற்கு ஒரு காரணம், தாமதத்துக்கு ஒரு காரணம். காரணங்கள் தயாரிப்பதில் மட்டும் நமக்கு மின்வெட்டே கிடையாது.

பொதுச் சார்ஜிங் நிலையங்கள்? நகரத்தில் மூன்றுக்கு மூன்று கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒன்று, நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒன்று என்று 2018-லேயே டெல்லியில் வரைபடம் போட்டார்கள். 2023 மார்ச்சில் எண்ணெய் கம்பெனிகளுக்கு 800 கோடி ஒதுக்கி, 7,432 வேகச் சார்ஜிங் நிலையங்களுக்கு உத்தரவு கொடுத்தார்கள். பெட்ரோல் விற்கிறவரிடமே பெட்ரோலை ஒழிக்கும் பொறுப்பு! சார்ஜர் பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்த ஒரு வாரம் போதும். அதற்குக் கேபிளும் டிரான்ஸ்பார்மரும் கொண்டுவருவதுதான் வேலை, அந்த வேலையில் போட்டோ எடுக்க ஒன்றுமில்லை. ஸ்கூட்டர் கம்பெனிகளின் சாமர்த்தியமோ தனி ரகம். மானியம் வேண்டுமானால் ஆலை விலை ஒன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. பெரிய பெயர்களே சார்ஜரைத் தனிப் பொருளாகப் பிரித்து விற்று, வண்டி விலையைக் குறைத்துக் காட்டின. 2023-ல் பிடிபட்டதும் சார்ஜர் காசைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. சார்ஜர் இல்லாத மின்சார வண்டிக்கு மக்கள் வரிப்பணத்தில் மானியம் கேட்ட வீரர்களின் கையில்தான் நாட்டின் பசுமை இருக்கிறது.

எல்லை தாண்டிக் கேரளத்தைப் பாருங்கள். 2024 ஏப்ரல், மே வெயிலில் அங்கே மின்தேவையின் உச்சம் இரவு பத்து மணிக்கு மேல் நகர்ந்தது. ஏ.சி.யோடு வண்டியும் சேர்ந்து இழுத்தது. மே 2-ஆம் தேதி 5,797 மெகாவாட். மாலையிலிருந்து நள்ளிரவு வரை வண்டிக்குச் சார்ஜ் போடாதீர்கள் என்று வாரியம் கையெடுத்துக் கும்பிட்டது. பாரம் தாங்காமல் தெருத்தெருவாகக் கரன்ட் போக, மக்கள் நள்ளிரவில் வாரிய அலுவலகங்களின் வாசலில் போய் நின்றார்கள். சூடு பட்ட பிறகு, சார்ஜிங் நிலையங்களில் பகல் ஒன்பது முதல் நாலு வரை மலிவு, மற்ற நேரம் விலை கூடுதல் என்று மாற்றிக்கொண்டார்கள். அதே மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் தேவையும் 20,830 மெகாவாட் என்று புது உச்சம் தொட்டது. நாம் என்ன பாடம் படித்தோம்? ‘தடையின்றி வழங்கிச் சாதனை’ என்று அறிக்கை விட்டோம். தடை தெருமுனையில் நடந்தால் அது சாதனைக் கணக்கில் வராது.

தீர்ப்பைச் சொல்லிவிடலாம். மின்சார வண்டி குற்றவாளி அல்ல. ஒழுங்காகக் கையாண்டால், வீணாகும் நண்பகல் வெயிலை உறிஞ்சிக்கொள்ள நம்மிடம் இருக்கும் மிக மலிவான வழி அதுதான். மிஞ்சும் மின்சாரத்தைச் சேமித்துவைக்க நீலகிரியில் குந்தா நீரேற்று மின்நிலையத்தை எத்தனையோ வருஷமாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். பல்லாயிரக்கணக்கான பேட்டரிகளை மக்கள் தங்கள் சொந்தக் காசில் வாங்கி நடமாட விட்டிருக்கிறார்கள். அவற்றுக்குப் பகலில் ஒரு பிளக் பாயின்ட் காட்டத் துப்பில்லாத நிர்வாகம்தான் குற்றவாளி. வண்டி விற்பனைக்கு மானியம், சாலை வரி விலக்கு, ஆலைக்கு நிலம் என்று அள்ளிக் கொடுத்துவிட்டு, தெரு டிரான்ஸ்பார்மருக்கும் அதில் ஏறும் தொழிலாளிக்கும் கையை விரிப்பது அறியாமை என்று நான் நம்பவில்லை. கமிஷனும் கைதட்டலும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று நன்றாகத் தெரிந்து செய்கிற வேலை அது.

வாசகருக்கு இரண்டு வேண்டுகோள். வண்டி வைத்திருந்தால், டைமர் வைத்து நள்ளிரவுக்கு மேல் சார்ஜ் ஏறும்படி செய்யுங்கள். பகலில் வாய்ப்புக் கிடைத்தால் பகலிலேயே போடுங்கள். வண்டி இல்லாவிட்டாலும் உங்கள் பிரிவு அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள்: எங்கள் தெரு டிரான்ஸ்பார்மரின் திறன் எத்தனை கே.வி.ஏ., அதன் மேல் இப்போது எவ்வளவு பாரம், கடைசியாக எப்போது அளந்தீர்கள்? வாயால் கேட்காதீர்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அதற்குக் கட்டணம் 10 ரூபாய். கோடை மாலையில் நம் வாரியம் ஒரே ஒரு யூனிட்டுக்குக் கொடுக்கிற அதே 10 ரூபாய்.